பாட்டுப் பாடி வந்த சூது



இந்தப் பாடம் ஒரு கேள்வியைப் பற்றியது.

சூதாட்ட விளம்பரத்தைத் தடை செய்தால் நம் பிள்ளைகள் தப்புவார்களா?

இதை நான் புத்தகத்தில் இருந்து எடுக்கவில்லை. எங்கள் படிப்பு மையத்தில் ஓர் அக்கா கேட்டார். அன்று இரவு வகுப்பு முடிய மணி பத்தாகிவிட்டது. யாரும் எழுந்து போகவில்லை. அன்று பேசியதைத்தான் இங்கே எழுதியிருக்கிறேன். மெதுவாகப் படியுங்கள். சேர்ந்து படியுங்கள்.

எங்கள் மையம்

மும்பை நகரில் தாராவி இருக்கிறது. அங்கே தமிழ் மக்கள் நிறையப் பேர். பலருடைய ஊர் திருநெல்வேலிச் சீமை. தோல் பட்டறையில் வேலை செய்பவர்கள் உண்டு. இட்லி விற்பவர்கள் உண்டு.

ஒரு சிறிய அறையில் எங்கள் மையம் நடக்கிறது. இரவு எட்டு மணிக்கு வகுப்பு. நான் பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். பகலில் தையல் வேலை. இரவில் பாடம் சொல்லித் தருகிறேன். எல்லோரும் என்னை டீச்சர் என்பார்கள். தாத்தா மட்டும் "ஏம்மா" என்பார்.

இட்லி அக்கா எங்கள் வகுப்பில் நன்றாகப் படிப்பவர். விடியற்காலை மூன்று மணிக்கு எழுந்திருப்பார். இட்லி அவித்து அண்டாவில் அடுக்குவார். அவர் வீட்டுக்காரர் சைக்கிளில் கொண்டு போய் விற்பார். அவருக்கு இரண்டு மகன்கள். பெரியவன் சாமான்களை வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுக்கிறான். சின்னவன் பள்ளிக்கூடத்தில் படிக்கிறான்.

சின்னவன் பாடிய பாட்டு

2023-ஆம் ஆண்டு. கிரிக்கெட் ஆட்டம் நடந்த மாதம். அக்காவின் சின்ன மகன் அம்மாவுடன் வகுப்புக்கு வந்தான். அவனுக்கு அப்போது பதினொரு வயது.

"ஏழாம் வாய்ப்பாடு சொல்லுடா" என்றேன்.

ஏழு மூன்றில் நின்றுவிட்டான். தலையைச் சொறிந்தான்.

"அது வராது டீச்சர். ஒரு பாட்டு வரும்" என்றான்.

பாடினான். அது டிவியில் வந்த விளம்பரப் பாட்டு. காசு கட்டி ஆடும் கிரிக்கெட் ஆட்டத்தின் விளம்பரம். ஒரு சொல் தவறவில்லை. கடைசியில் வரும் எச்சரிக்கையைக்கூட அதே வேகத்தில் சொன்னான். எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார்.

அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

அதே பாட்டை வீட்டில் இன்னொருவனும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பெரியவன். வயது பத்தொன்பது. அவன் கையில் செல்போன் இருந்தது. பாக்கெட்டில் சம்பளம் இருந்தது.

பெரியவனுக்கு என்ன நடந்தது?

முதல் நாள் அவன் ஒரு ரூபாயும் போடவில்லை. "சேர்ந்தால் பணம் இலவசம்" என்று போன் சொன்னது. அந்த இலவசப் பணத்தில் ஆடினான். நாற்பது ரூபாய் கிடைத்தது. பட்டறை நண்பர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்தான்.

மறுநாள் ஐம்பது ரூபாய் கட்டினான். போனது. அதைப் பிடிக்க நூறு கட்டினான். போனது. அதைப் பிடிக்க இருநூறு.

ஆட வராத நாளில் போன் அவனைக் கூப்பிட்டது. "இன்று இரவுதான் கடைசி" என்றது. "உன் நண்பன் ஜெயித்துவிட்டான்" என்றது. நண்பனைச் சேர்த்தால் அதற்கும் காசு என்றது. அவன் மூன்று நண்பர்களைச் சேர்த்தான்.

நான்கு மாதத்தில் அவன் சம்பளம் எல்லாம் போனது. போனிலேயே கடன் கொடுப்பவர்கள் இருந்தார்கள். அதையும் வாங்கினான். கடைசியில் அம்மாவின் சீட்டுப் பணம் 24,000 ரூபாயை எடுத்துவிட்டான்.

அது பெரிய கிரைண்டர் வாங்க வைத்திருந்த பணம். அக்காவின் பழைய கிரைண்டர் வாரத்துக்கு ஒரு முறை நிற்கும். நின்ற அன்று மாவு இல்லை. மாவு இல்லாத அன்று வியாபாரம் இல்லை.

பணம் இல்லை என்று தெரிந்த இரவு பெரியவன் வீட்டுக்கு வரவில்லை. தகப்பனார் சைக்கிளில் தேடிப் போனார். மாகிம் ரயில் நிலையத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தான். கூட்டிக்கொண்டு வந்தார். அடிக்கவில்லை. "சாப்பிடு" என்று மட்டும் சொன்னார்.

சின்ன எழுத்து

மறுவாரம் அக்கா வகுப்புக்கு வந்தார். கையில் ஒரு பழைய பத்திரிகைத் தாள். இட்லி கட்ட வாங்கிய தாள் அது. அதில் அந்த ஆட்டத்தின் விளம்பரம் இருந்தது.

பெரிய எழுத்தை எல்லோரும் படித்தோம். வெல்லுங்கள், லட்சம், கோடி என்று இருந்தது. ஒரு பெரிய கிரிக்கெட் வீரரின் படமும் இருந்தது.

அக்கா கீழே விரலை வைத்தார். அங்கே சின்ன எழுத்து இருந்தது. எழுத்து எழுத்தாகக் கூட்டிப் படித்தார்.

இந்த ஆட்டத்தில் பண இழப்பு வரலாம். இது பழக்கமாகிவிடலாம். பொறுப்போடு ஆடுங்கள். இதுதான் அதன் பொருள்.

அறை அமைதியாகிவிட்டது.

"இது என் வீட்டுச் சுவரில் ஒரு வருஷமா ஒட்டியிருந்திச்சு டீச்சர்" என்றார் அக்கா. "மழை ஒழுகாம இருக்க நான்தான் ஒட்டினேன். அப்ப எனக்குப் படிக்கத் தெரியாது."

இந்தச் சின்ன எழுத்து எப்படி வந்தது? விளம்பரத் தொழில் செய்பவர்களுக்கு இந்திய விளம்பரத் தர மன்றம் என்று ஓர் அமைப்பு உண்டு. அது 2020 டிசம்பரில் சில விதிகளைக் கொண்டு வந்தது. அவற்றில் முக்கியமானவை இவை.

காசு ஆட்ட விளம்பரத்தில் 18 வயதுக்குக் கீழ்ப்பட்டவர் ஆடுவதாகக் காட்டக் கூடாது.

இதை வேலைக்குப் பதிலான வருமானம் என்று சொல்லக் கூடாது.

அச்சு விளம்பரத்தில் எச்சரிக்கை ஐந்தில் ஒரு பங்கு இடத்தில் இருக்க வேண்டும்.

டிவியிலும் வானொலியிலும் எச்சரிக்கையைச் சாதாரண வேகத்தில் சொல்ல வேண்டும்.

விதி நல்ல விதிதான். ஆனால் சின்னவனைப் பாருங்கள். விளம்பரம் அவனைக் காட்டவில்லை. அவனிடம் பேசியது. எச்சரிக்கையும் அவனுக்குப் பாட்டின் கடைசி வரி ஆகிவிட்டது.

அன்றுதான் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

"எச்சரிக்கை எதுக்கு? விளம்பரமே வேண்டாம்னு நிறுத்தினா என்ன? என் மகன் தப்பியிருப்பானா, மாட்டானா?"

புளியங்கொட்டைக் கணக்கு

பதில் தேடும் முன் ஓர் ஆட்டம் ஆடினோம். நீங்களும் ஆடிப் பாருங்கள்.

பத்துப் பேர் வட்டமாக உட்கார்ந்தார்கள். ஆளுக்குப் பத்துப் புளியங்கொட்டை. மொத்தம் 100 கொட்டை. நான் தான் ஆட்டம் நடத்தும் கம்பெனி.

ஒவ்வொரு சுற்றிலும் ஆளுக்கு ஒரு கொட்டை போட வேண்டும். பத்துக் கொட்டை சேரும். சீட்டுக் குலுக்கிப் போடுவேன். பெயர் வந்தவருக்கு 8 கொட்டை. எனக்கு 2 கொட்டை.

பத்துச் சுற்று ஆடினோம். பிறகு எண்ணினோம்.

தோல் பட்டறை அண்ணனுக்கு நான்கு முறை விழுந்தது. அவரிடம் 32 கொட்டை.

இன்னொருவருக்கு மூன்று முறை விழுந்தது. அவரிடம் 24.

மூன்று பேருக்கு ஒவ்வொரு முறை விழுந்தது. ஆளுக்கு 8.

ஐந்து பேருக்கு ஒரு முறையும் விழவில்லை. அவர்கள் கையில் ஒன்றும் இல்லை.

என்னிடம் 20 கொட்டை. நான் ஒரு கொட்டையும் போடவில்லை.

"இப்போது சொல்லுங்கள். நான் விளம்பரம் போட்டால் யார் படத்தைப் போடுவேன்?" என்று கேட்டேன்.

எல்லோரும் பட்டறை அண்ணனைப் பார்த்தார்கள். அவர் மீசையைத் தடவிக்கொண்டார்.

ஆம். அவர் படத்தைத்தான் போடுவேன். அவர் ஜெயித்தது பொய் இல்லை. ஆனால் வெறுங்கையோடு இருக்கும் ஐந்து பேரின் படம் எங்கே? இழந்த எட்டுப் பேரின் படம் எங்கே? கம்பெனியிடம் இருக்கும் 20 கொட்டையின் படம் எங்கே?

விளம்பரம் பொய் சொல்ல வேண்டியதில்லை. உண்மையில் ஒரு துண்டை மட்டும் காட்டினால் போதும்.

கம்பெனி எடுக்கும் பங்கு ஆட்டத்துக்கு ஆட்டம் மாறும். ஆனால் பங்கு எடுக்காத கம்பெனி இல்லை. அதனால் ஆடுகிறவர்கள் எல்லோரையும் சேர்த்துப் பார்த்தால் இழப்புதான். ஆடும் நாள் கூடக் கூட இழப்பும் கூடும்.

தாத்தா சொன்ன மட்கா கதை

எங்கள் தாத்தா வயதில் மூத்தவர். ஒரு காலத்தில் பரேல் பக்கம் மில் வாசலில் டீ விற்றவர். அவர் அக்கா சொன்னதை ஒத்துக்கொள்ளவில்லை.

"ஏம்மா, மட்காவுக்கு எந்த டிவியில விளம்பரம் வந்திச்சு?" என்று கேட்டார்.

மட்கா என்றால் பானை. பம்பாயில் 1960-களில் பரவிய சூதாட்டம் அது. முதலில் பஞ்சு விலையை வைத்துப் பந்தயம் கட்டினார்கள். நியூயார்க் நகரத்துப் பஞ்சுச் சந்தையின் விலை பம்பாய்க்குத் தந்தி இயந்திரத்தில் வரும். அந்த எண் மேல் பந்தயம். பிறகு அந்த வழி நின்றது. சீட்டில் எண் எழுதிப் பானையில் போட்டு எடுத்தார்கள். அதனால் மட்கா என்று பெயர்.

பம்பாய் மாகாணத்தில் சூதாட்டத் தடுப்புச் சட்டம் 1887-லேயே வந்தது. சட்டம் இருந்தது. ஆனாலும் மட்கா வளர்ந்தது.

"மில்லில சம்பளம் போடுற அன்னிக்கு வாசல்லயே சீட்டு எழுதுறவன் நிப்பான். ஒருத்தன் ஜெயிச்சா நூறு பேர்கிட்ட சொல்லுவான். தோத்தவன் வீட்லகூடச் சொல்ல மாட்டான். அந்த வாய்தான் விளம்பரம்" என்றார் தாத்தா.

தாத்தா சொன்னது உண்மை. விளம்பரம் இல்லாமலும் சூது நடக்கும்.

ஆனால் பட்டறை அண்ணன் ஒரு கேள்வி கேட்டார்.

"தாத்தா, அந்தச் சீட்டு எழுதுறவன் பதினொரு வயசுப் பையன்கிட்ட வருவானா? ராத்திரி ரெண்டு மணிக்குப் போர்வைக்குள்ள வருவானா? கிரிக்கெட் வீரரைக் கூட்டிட்டு வருவானா?"

தாத்தா யோசித்தார். "வர மாட்டான்" என்றார்.

இங்கே ஒரு வேறுபாடு தெரிகிறது. மட்காவைத் தேடி மனிதன் போனான். விளம்பரம் மனிதனைத் தேடி வருகிறது. பிள்ளைகளையும் தேடி வருகிறது. அதோடு, சூது என்றால் தலைகுனிவு என்ற எண்ணத்தையும் அழித்துவிடுகிறது. பெரிய வீரர் சொல்கிறார், குடும்பத்தோடு பார்க்கும் டிவியில் வருகிறது, அப்படியானால் தப்பில்லை என்று பிள்ளை நினைக்கிறான்.

சட்டம் என்ன சொல்கிறது?

நம் நாட்டில் பந்தயமும் சூதாட்டமும் மாநில அரசுகளின் பொறுப்பு. அரசியல் சட்டம் அப்படிப் பிரித்திருக்கிறது. அதனால் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் மாறும். சில மாநிலங்களில் அரசே லாட்டரி நடத்துகிறது. கேரள அரசு 1967-ல் லாட்டரித் துறையைத் தொடங்கியது. மகாராஷ்டிர அரசு 1969-ல் தொடங்கியது. தமிழ்நாட்டிலும் அரசு லாட்டரி இருந்தது. 2003-ல் தமிழ்நாட்டில் லாட்டரி விற்பனையைத் தடை செய்தார்கள்.

போனில் ஆடும் ஆட்டத்துக்கு மாநில எல்லை கிடையாது. கம்பெனிகள் இன்னொன்றும் சொல்லின. "இது அதிர்ஷ்ட ஆட்டம் இல்லை. திறமை ஆட்டம்" என்றன. இதைப் பற்றி நீதிமன்றங்களில் பல வழக்குகள் நடந்தன.

மத்திய அரசு 2022 ஜூனில் டிவிக்கும் பத்திரிகைகளுக்கும் ஓர் அறிவுரை அனுப்பியது. பந்தயத் தளங்களின் விளம்பரத்தைப் போடாதீர்கள் என்றது. அதே ஆண்டு அக்டோபரில் மறுபடியும் அனுப்பியது. 2023-லும் அனுப்பியது. ஏன் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டி வந்தது? விளம்பரம் நிற்கவில்லை.

பிறகு 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் ஒரு சட்டம் நிறைவேற்றியது. ஆகஸ்ட் 22-ல் குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். அந்தச் சட்டம் சொல்வது இது.

இணையத்தில் பணம் கட்டி ஆடும் ஆட்டம் நடத்தக் கூடாது. அது திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்ற பேச்சே இல்லை. நடத்தினால் மூன்று ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம்.

அதற்கு விளம்பரம் செய்தால் இரண்டு ஆண்டு வரை சிறை, 50 லட்சம் ரூபாய் வரை அபராதம்.

வங்கிகள் அதற்குப் பணம் அனுப்ப உதவக் கூடாது.

ஆடியவருக்குத் தண்டனை இல்லை. அவரைப் பாதிக்கப்பட்டவர் என்றே சட்டம் பார்க்கிறது.

இந்தக் கடைசி வரியை அக்கா இரண்டு முறை படித்தார்.

சட்டம் வந்த சில நாட்களில் பெரிய கம்பெனிகள் காசு ஆட்டங்களை நிறுத்தின. இந்தியக் கிரிக்கெட் அணியின் சட்டையில் அப்படி ஒரு கம்பெனியின் பெயர் 2023 முதல் இருந்தது. அந்தப் பெயர் நீங்கியது. சில கம்பெனிகள் சட்டத்தை எதிர்த்து வழக்கும் போட்டன.

பீடி சிகரெட் தரும் பாடம்

விளம்பரத் தடை பலன் தருமா என்று பார்க்க நமக்கு ஒரு பழைய உதாரணம் உண்டு. அதுதான் புகையிலை.

2003-ல் புகையிலைச் சட்டம் வந்தது. அதன்படி பீடி, சிகரெட் விளம்பரம் தடை செய்யப்பட்டது. பள்ளிக்கு அருகில் விற்கவும் தடை வந்தது.

பிறகு அரசு இரண்டு முறை நாடு முழுவதும் கணக்கெடுத்தது. 15 முதல் 24 வயது வரை உள்ளவர்களை மட்டும் பாருங்கள்.

2009-10-ல் நூறு பேரில் 18 பேர் புகையிலை பயன்படுத்தினார்கள்.

2016-17-ல் நூறு பேரில் 12 பேர்.

நல்ல செய்திதானே? ஆனால் அவசரப்படக் கூடாது. இந்த ஆண்டுகளில் விளம்பரத் தடை மட்டும் வேலை செய்யவில்லை. பாக்கெட்டில் நோயின் படம் வந்தது. 2016-ல் அந்தப் படம் பாக்கெட்டில் 85 சதவீதம் இடத்தைப் பிடித்தது. வரியும் கூடியது. பள்ளிகளில் பேசினார்கள். எல்லாம் சேர்ந்துதான் எண்ணிக்கை குறைந்தது.

தேருக்கு ஒரு வடம் போதாது. பல வடம் பிடித்தால்தான் தேர் நகரும். விளம்பரத் தடை அதில் ஒரு வடம்.

வேஷம் போட்டு வரும் விளம்பரம்

புகையிலை இன்னொரு பாடமும் தருகிறது. வாசலை அடைத்தால் ஜன்னல் வழியாக வருவார்கள்.

சாராயக் கம்பெனி அதே பெயரில் சோடாவுக்கு விளம்பரம் செய்யும். குட்கா விற்றவர்கள் அதே பெயரில் பான் மசாலாவுக்கு விளம்பரம் செய்வார்கள். சோடா பெயரைப் பார்த்தவனுக்கு எது நினைவு வரும்? உங்களுக்கே தெரியும்.

சூதாட்டத் தளங்களும் இதைச் செய்தன. தங்கள் பெயரிலேயே ஒரு விளையாட்டுச் செய்தித் தளம் தொடங்கின. பெயரும் ஒன்று, நிறமும் ஒன்று. செய்தித் தளத்துக்குத்தானே விளம்பரம் என்றன. மத்திய அரசு 2022 அக்டோபரில் அனுப்பிய அறிவுரையில் இதைச் சொல்லிக் கண்டித்தது.

இது நம் நாட்டில் மட்டும் இல்லை. இத்தாலி நாடு 2018-ல் சூதாட்ட விளம்பரத்துக்கு முழுத் தடை கொண்டு வந்தது. அங்கேயும் கால்பந்து அணிகளின் சட்டையில் செய்தித் தளம் என்ற வேஷத்தில் அதே பெயர்கள் வந்தன.

இன்னும் ஒரு ஜன்னல் இருக்கிறது. அதுதான் நம் கையில் உள்ள போன். வெளிநாட்டில் இருந்து நடத்துபவனுக்கு நம் ஊர்ப் போலீஸ் மேல் பயம் இல்லை. போனில் ஒரு குழு தொடங்குவான். "ஆட்டத்தில் யார் ஜெயிப்பார் என்று சொல்கிறேன்" என்பான். பிறகு ஒரு இணைப்பு அனுப்புவான். இதை டிவி விளம்பரம் போல எல்லோரும் பார்க்க முடியாது. பிள்ளை மட்டும்தான் பார்ப்பான்.

சிலர் இதை வைத்தே தடை வேண்டாம் என்கிறார்கள். உரிமம் பெற்ற கம்பெனி வெளிப்படையாக விளம்பரம் செய்தால் நல்லவன் யார், திருடன் யார் என்று தெரியும் என்கிறார்கள். தடை போட்டால் எல்லாம் இருட்டுக்குள் போய்விடும் என்கிறார்கள். இதையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். ஆனால் அக்காவின் மகன் ஆடியது வெளிப்படையாக விளம்பரம் செய்த ஆட்டம்தான். இருட்டில் நடந்தது ஒன்றும் இல்லை.

அப்படியானால் பதில் என்ன?

கரும்பலகையில் நடுவில் ஒரு கோடு போட்டோம். எல்லோரும் சொல்லச் சொல்ல எழுதினேன்.

தடை செய்தால் கிடைக்கும் நன்மை:
இன்னும் தொடங்காத பிள்ளைகள் கண்ணில் படாது.
சூது சாதாரண விஷயம் என்ற எண்ணம் வளராது.
நிறுத்த நினைப்பவனுக்கு நாள் முழுவதும் நினைவூட்டல் வராது.
பெரிய மனிதர்கள் காசுக்காகப் பிள்ளைகளை அழைக்க மாட்டார்கள்.

தடை செய்தாலும் தீராத தொல்லை:
ஏற்கெனவே பழகியவனுக்கு விளம்பரம் தேவையில்லை.
நண்பன் வாய் வழியாக வரும்.
வேறு பெயரில் வரும். வெளிநாட்டில் இருந்து வரும்.
கடன் தீராது. வேலையில்லாத பையனுக்கு வேலை வராது.

எழுதி முடித்ததும் எல்லோரும் பலகையைப் பார்த்தோம். தாத்தாதான் முதலில் பேசினார்.

"கிணத்துக்குச் சுவர் கட்டுறது மாதிரி. நடக்குற பிள்ளை விழாது. ஆனா விழுந்தவனைச் சுவர் தூக்காது. அதுக்குக் கயிறு வேணும்" என்றார்.

இதைவிட நன்றாக எனக்குச் சொல்லத் தெரியவில்லை. விளம்பரத் தடை பிள்ளைகளைக் காக்கும். ஆனால் அது மட்டும் காக்காது. சுவரும் வேண்டும். கயிறும் வேண்டும்.

கயிறு எது?

விழுந்தவனைத் தூக்க நாம் செய்யக் கூடியவை இவை.

முதலில் திட்டாதீர்கள். கேளுங்கள். திட்டுக்குப் பயந்து மறைப்பவன் இன்னும் கடன் வாங்குவான்.

கடன் எவ்வளவு என்று சேர்ந்து உட்கார்ந்து எழுதுங்கள். முழுவதையும் எழுதுங்கள்.

இழந்ததைப் பிடிக்க ஒரு ஆட்டம் கூட ஆட விடாதீர்கள். புளியங்கொட்டைக் கணக்கை நினைவுபடுத்துங்கள்.

மனம் உடைந்து போனால் 14416 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இது மத்திய அரசின் மனநல உதவி எண். 2022-ல் தொடங்கியது. பணம் கட்ட வேண்டாம். தமிழிலும் பேசலாம்.

போன் வழியாக யாராவது ஏமாற்றிப் பணம் பறித்தால் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்யுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு நல்லது.

தப்பான விளம்பரத்தைப் பார்த்தால் 1915 என்ற நுகர்வோர் எண்ணில் சொல்லலாம்.

இந்த மூன்று எண்களையும் உங்கள் வீட்டுச் சுவரில் எழுதி வையுங்கள். பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

அக்கா வீட்டில் இப்போது

சட்டம் வந்து சில மாதம் கழித்து அக்கா வீட்டுக்குப் போனேன். பழைய கிரைண்டர்தான் ஓடிக்கொண்டிருந்தது. சீட்டு மறுபடியும் கட்டுகிறார். பெரியவன் மாதாமாதம் அம்மா கையில் பணம் கொடுக்கிறான். கடனில் பாதி தீர்ந்திருக்கிறது.

"நிறுத்திட்டியா தம்பி?" என்று கேட்டேன்.

உடனே பதில் சொல்லவில்லை. போனைக் காட்டினான். முன்பின் தெரியாத எண்ணில் இருந்து ஒரு செய்தி வந்திருந்தது. வேறு பெயர். அதே ஆசை வார்த்தை.

"தினம் ஒண்ணு வருது அக்கா. அழிக்கிறேன். ஆட்டம் நடக்குற ராத்திரி மட்டும் போனை அம்மாகிட்ட கொடுத்திடறேன்" என்றான்.

சின்னவன் மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தான். இப்போது அவன் உயரமாகிவிட்டான்.

"அந்தப் பாட்டு பாடு" என்று சொல்லிப் பார்த்தேன்.

"எந்தப் பாட்டு?" என்றான்.

யோசித்தான். முதல் வரி வந்தது. அடுத்த வரி வரவில்லை. டிவியில் இப்போது அது வருவதில்லை.

அக்கா என்னைப் பார்த்தார். நான் அக்காவைப் பார்த்தேன்.

ஒரு வீட்டை வைத்து நாட்டைச் சொல்ல முடியாது. ஆனால் அந்த வீட்டில் நான் பார்த்தது இதுதான். பெரியவன் இன்னும் கயிற்றைப் பிடித்து ஏறிக்கொண்டிருக்கிறான். சின்னவன் கிணற்றின் பக்கமே போகவில்லை.

பேசுவோம்

1. உங்கள் தெருவில் பிள்ளைகள் பாடும் விளம்பரப் பாட்டு எது? அது எந்தப் பொருளுக்கு?
2. மட்காவுக்கும் போன் ஆட்டத்துக்கும் என்ன வேறுபாடு?
3. அரசே லாட்டரி நடத்தலாமா? நடத்தினால் அதற்கு விளம்பரம் செய்யலாமா? இரண்டு பக்கமும் பேசுங்கள்.
4. புகழ் பெற்ற ஒருவர் விளம்பரத்தில் வருகிறார். பிறகு நடக்கும் இழப்பில் அவருக்குப் பொறுப்பு உண்டா?

கணக்குப் போடுவோம்

1. பத்துப் பேர் ஒரு சுற்றுக்கு ஆளுக்கு 10 ரூபாய் போடுகிறார்கள். ஜெயித்தவருக்கு 80 ரூபாய். கம்பெனிக்கு எவ்வளவு?
2. அப்படி 30 சுற்று ஆடினால் கம்பெனிக்கு எவ்வளவு?
3. ஒருவர் 30 சுற்றும் ஆடினார். மூன்று முறை ஜெயித்தார். அவர் போட்டது எவ்வளவு? பெற்றது எவ்வளவு? இழந்தது எவ்வளவு?

(விடை: 1. 20 ரூபாய். 2. 600 ரூபாய். 3. போட்டது 300, பெற்றது 240, இழந்தது 60 ரூபாய்.)

படித்துப் பார்ப்போம்

வீட்டில் உள்ள ஏதாவது ஒரு விளம்பரத் தாளை எடுங்கள். பெரிய எழுத்தைப் படியுங்கள். பிறகு சின்ன எழுத்தைத் தேடிப் படியுங்கள். இரண்டும் ஒன்றையே சொல்கின்றனவா? அடுத்த வகுப்பில் சொல்லுங்கள்.

எழுதுவோம்

உங்கள் மகனுக்கோ, மகளுக்கோ, தம்பிக்கோ ஒரு கடிதம் எழுதுங்கள். ஐந்து வரி போதும். காசு கட்டி ஆடும் ஆட்டத்தைப் பற்றி நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று சொல்லுங்கள். அறிவுரை வேண்டாம். உங்கள் மனதில் உள்ளதை எழுதுங்கள்.